பட்டறைப் பக்கம்: பெயின்ட் வழிந்துவிட்டால்

பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும், ஆரணி முதல் வாணியம்பாடி வரை, வண்டி பெயின்ட் வழிந்து நிற்பது பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. வண்டி வைத்திருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், ஸ்ப்ரே கன் பிடிக்கும் பெயின்டர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் வெள்ளைக் காரின் டிரைவர் பக்கக் கதவுக்கு டிங்கரிங் முடித்து பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். கைப்பிடிக்குக் கீழே இரண்டு இடத்தில் மெழுகு உருகினாற்போல வழிந்து நிற்கிறது. ஒன்று மூன்று அங்குல நீளம். பட்டறையில் கேட்டால், "காம்பவுண்ட் போட்டா போயிடும் சார், நாளைக்கு எடுத்துட்டு வாங்க" என்கிறார்கள். போகுமா?
வாசகர், காட்பாடி

பதில்: காம்பவுண்ட் மட்டும் போட்டால் போகாது. காம்பவுண்ட் என்பது தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை. 2000, 3000 நம்பர் உப்புத்தாள் பேப்பர் விட்ட கீறலைத் துடைக்கும் அளவுக்குத்தான் காம்பவுண்ட் பெயின்டை அரிக்கும். சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அவ்வளவுதான். வழிசல் அதைப்போலப் பல மடங்கு உயரம். பாலிஷ் மெஷினின் மெத்தென்ற பஃப் மேட்டின் மீதும் ஏறும், பள்ளத்திலும் இறங்கும். மேடு மேடாகவே இருக்க, பளபளப்பு மட்டும் கூடும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது முன்பைவிட எடுப்பாகத் தெரியும். நாளைக்கே எடுத்துப்போவதும் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் பெயின்டரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடித்தது ஒரே வகை பி.யூ. (பாலியூரித்தேன்) வெள்ளையா, அல்லது நிறம் தரும் பேஸ் கோட் போட்டு அதன்மேல் நிறமில்லாத கிளியரா? சிலர் லேக்கர் என்பார்களே, அந்தக் கிளியர். வேறு நிறமாக இருந்தால் தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது வரும் சாறே சொல்லிவிடும். பால்போல் வெளுத்து வந்தால் கிளியர், நிறத்தோடு வந்தால் கலர். வெள்ளை வண்டியில் இரண்டும் வெள்ளையாகத்தான் வரும், அதனால் கேட்டே ஆக வேண்டும். ஒரே பி.யூ. என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மேலிருந்து கீழ்வரை ஒரே பொருள், கொஞ்சம் கூடத் தேய்ந்தாலும் நிறம் மாறாது. பேஸ் கோட்டும் கிளியரும் என்றால், கிளியர் மொத்தமே 40 முதல் 60 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட வராது. கைக்கு அவ்வளவுதான் இடம்.

அடுத்தது காத்திருப்பது. இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த பெயின்ட் நம் ஊர் வெப்பத்தில் ஒரே இரவில் தொட்டுப் பார்க்கிற அளவுக்குக் காய்ந்துவிடும். ஆனால் வழிசலின் நடுவிலும், கீழே குண்டாக நிற்கும் சொட்டிலும் தின்னர் இன்னும் உள்ளே இருக்கும். அந்தச் சொட்டின்மேல் நகத்தை அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஆகவில்லை. நிழலில் மூன்று நான்கு நாள் விடுங்கள். ஒரு நாள் நிழலில் இருந்த பிறகு வெயிலில் நிறுத்தலாம், அது வேலையைத் துரிதப்படுத்தும். அடித்த அன்றே நிறுத்தினால் தடித்த இடத்தில் தின்னர் கொதித்து ஊசிமுனைக் குமிழிகள் விழும். அதற்காக இரண்டு மாதம் தள்ளிப்போடவும் வேண்டாம். முற்றிலும் இறுகிய பி.யூ.வைத் தேய்ப்பது இரட்டிப்பு உழைப்பு.

இனி தேய்க்கும் முறை. கதவைக் கழுவி, மெழுகும் எண்ணெய்ப்பிசுக்கும் போகத் துடைத்து, வண்டியை நிழலில் வைத்து உலோகம் குளிரும்வரை விடுங்கள். வழிசலின் இரு பக்கமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி மாஸ்கிங் டேப்பை இரண்டடுக்காக ஒட்டுங்கள். அந்த டேப்தான் பக்கத்துப் பெயின்டுக்குக் காவல்.

மேட்டின் முதல் முக்கால் பங்கை பேப்பரால் எடுக்க வேண்டியதில்லை, பிளேடால் சீவிவிடலாம். புது ஷேவிங் பிளேடின் இரு முனைகளிலும் டேப்பைச் சுற்றி, நடுவில் வழிசலின் அகலத்துக்கு மட்டும் விளிம்பு வெளியே இருக்கும்படி விடுங்கள். பிளேடைப் பெயின்டுக்குச் செங்குத்தாக, நூலளவு சாய்த்துப் பிடித்து, உங்களை நோக்கி இழுக்க வேண்டும். தள்ளக் கூடாது, தள்ளினால் முனை குத்தும். மாவுபோல் தூள் வந்தால் சரி. சுருள் சுருளாக வந்தாலோ, ரப்பர்போல் இழுபட்டாலோ பெயின்ட் காயவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். முனைகளில் சுற்றிய டேப் கதவை உரசத் தொடங்கினால் பிளேடின் வேலை முடிந்தது. கடையில் இதற்கென்றே கார்பைட் சீவுளியும் சின்ன ரன் ஃபைலும் கிடைக்கின்றன. தினமும் இந்த வேலை பார்ப்பவர் வாங்கி வைப்பது நல்லது, ஒரு கதவுக்காக வேண்டாம்.

மிச்ச மேட்டுக்கு 1000 நம்பர் வாட்டர் பேப்பர். இங்கேதான் பெரும்பாலோர் கெடுப்பது: பேப்பரை விரலில் சுற்றித் தேய்ப்பார்கள். விரல் மெத்து, மேட்டின் இரு ஓரத்திலும் வாய்க்கால் வெட்டிவிடும், மேடு அப்படியே நிற்கும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குலம் அளவில் கெட்டியான, தட்டையான ஏதாவது ஒன்றில் பேப்பரைச் சுற்றுங்கள். அக்ரிலிக் துண்டு போதும், பெயின்ட் கலக்கும் தட்டைக் குச்சியை நறுக்கினாலும் ஆகும். கதவு உள்நோக்கி வளையும் இடத்தில் மட்டும் கெட்டி ரப்பர். பேப்பரைக் கால் மணி நேரம் முன்பே நீரில் ஊறப் போடுங்கள், நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும், எங்கே தேய்ந்தது, எங்கே தேயவில்லை என்று கண் ஏமாறும். குடிக்கிற தண்ணீரில் ஒரு வாளி எடுத்து வைப்பதில் நஷ்டமில்லை.

பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரை ரப்பர் துண்டால் வழித்துவிட்டுப் பாருங்கள். மங்கலாக இருப்பது தேய்ந்த மேடு, பளபளப்பாக இருப்பது பேப்பர் தொடாத பள்ளம். வழிசலைச் சுற்றிப் பளபளப்பு வளையம் தெரியும். அது சுருங்கிச் சுருங்கி மறையும் நேரம்தான் நிறுத்தும் நேரம். வளையம் போன பிறகும் தேய்ப்பது கிளியரைத் தின்பது.

டேப்பை எடுத்துவிட்டு 1500, பிறகு 2000, முடிந்தால் 3000. ஒவ்வொரு நம்பருக்கும் இழுக்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய கீறல் போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு அங்குலம் அகலம் கூட்டிக்கொண்டே போங்கள். இடையில் கதவு, வாளி, பேப்பர் சுற்றிய துண்டு எல்லாவற்றையும் கழுவ வேண்டும். 1000 நம்பரின் ஒரே ஒரு துகள் மாட்டிக்கொண்டால் 3000 போடும்போது நீளமாக ஒரு கோடு இழுத்துவிடும்.

கடைசியில்தான் உங்கள் பட்டறைக்காரர் சொன்ன காம்பவுண்ட். கம்பளி பஃப், 1200 முதல் 1500 ஆர்.பி.எம்., நாலைந்து சொட்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தில் மெதுவாக மூன்று நான்கு சுற்று. புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தாங்காவிட்டால் நிறுத்துங்கள். கதவின் விளிம்பிலும், தகடு மடிந்து ஓடும் நடுக்கோட்டிலும் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினை எடுக்க வேண்டும். பெயின்ட் எப்போதும் மெலிதாக இருக்கும் இடம் அதுதான். பிறகு ஃபோம் பஃபில் மெல்லிய பாலிஷ். மெழுகோ கோட்டிங்கோ ஒரு மாதத்துக்கு வேண்டாம், மிச்சத் தின்னர் வெளியேற வழி வேண்டும்.

தேய்க்கும் நடுவில் நிறம் மாறித் திட்டுத் தெரிந்தால் கிளியர் போய்விட்டது என்று பொருள். பாலிஷால் அதை மூட முடியாது. கதவு முழுவதையும் 800 அல்லது 1000 போட்டு மங்கலாக்கி, அந்த இடத்துக்கு மட்டும் பேஸ் கோட் தொட்டு, கதவு முழுவதற்கும் இரண்டு கோட் கிளியர் அடிக்க வேண்டும். அந்த இடத்துக்கு மட்டும் கிளியர் அடித்துப் பாலிஷில் கலந்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு வருட வெயிலில் அந்த ஓரம் செதிலாக உரியும்.

கேள்வி: ஒரே 600 நம்பர் பேப்பர், ஒரு கம்பெனியுடையது முரடாக இருக்கிறது, மற்றது நைசாக இருக்கிறது. போலியா?
டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் வாசகர், ஆற்காடு

பதில்: பின்பக்கம் திருப்பி, எண்ணுக்கு முன்னால் 'பி' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'பி' இருந்தால் ஐரோப்பிய அளவு, இல்லாவிட்டால் பெரும்பாலும் அமெரிக்க அளவு. 'பி' இல்லாத 600, 'பி' போட்ட 1200-க்குக் கிட்ட வரும். 200-க்குக் கீழே வித்தியாசம் அதிகமில்லை, மேலே போகப் போக விரியும். இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்லும் எண்கள் எல்லாம் 'பி' வரிசை.

கேள்வி: அடிக்கும்போதே வழிவது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நிமிடமே ஏதாவது செய்யலாமா? நான் தின்னர் நனைத்த துணியால் துடைப்பேன், அது இன்னும் மோசமாகிறது.
வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: துணியை மறந்துவிடுங்கள். துடைப்பதானால் பேனல் முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும், திட்டாகத் துடைப்பதற்கு வழியே இல்லை.

கழற்றிய உதிரி, அதாவது பைக் டேங்க், மட்கார்டு, கழற்றி வைத்த கதவு என்றால் நல்ல வழி இருக்கிறது: உடனே படுக்க வையுங்கள், அல்லது தலைகீழாகத் திருப்புங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் என்றால் கிளியர் தானே பரவிச் சமமாகும். வண்டியில் மாட்டியே இருந்தால், கீழே சேர்ந்த சொட்டை மட்டும் எடுக்கலாம். மாஸ்கிங் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி விரலில் சுற்றி, சொட்டின் நுனியை மட்டும் தொட்டு எடுங்கள். ஒரே தொடுதல், இழுக்கக் கூடாது. நுண்ணிய பிரஷ் நுனியில் உறிஞ்சி எடுப்பதும் உண்டு. சுற்றியுள்ள பெயின்ட் ஏற்கெனவே இழுவையாகிவிட்டிருந்தால் கை வைக்காமல் விட்டுவிடுவதே மேல். நன்றாகக் காய்ந்த வழிசலைச் சரிசெய்ய அரை மணி நேரம். ஈரத்தில் கிளறிய வழிசலுக்குக் கதவு முழுவதும் மறுபடி.

மெட்டாலிக் பேஸ் கோட்டில் இந்தத் தொட்டு எடுக்கும் வித்தை எதுவும் பலிக்காது. அதற்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: அண்ணே, நான் ஏழெட்டு வருஷமா கன் பிடிக்கிறேன். எனக்கு ரன் (வழிசல்) விழுவது எப்பவும் அதே இடங்களில்தான்: கைப்பிடியைச் சுற்றி, கதவு நடுக்கோட்டுக்குக் கீழே, பெட்ரோல் மூடி ஓரம். வெயில் காலத்திலும் விழுது, மார்கழியிலும் விழுது. தின்னரைக் கூட்டியும் பார்த்தாச்சு, குறைச்சும் பார்த்தாச்சு.
பெயின்டர், குடியாத்தம்

பதில்: அதே இடத்தில் விழுகிறது என்றால் தின்னர் மீது மட்டும் பழி போட முடியாது. கை போகும் பாதையைப் பாருங்கள். கைப்பிடியை மாட்டியபடியே அடிப்பவர்கள் அதன் மேலும் கீழும் சந்துக்குள் பெயின்ட் போக வேண்டும் என்று தனியாக ஒரு சுற்று அடிப்பார்கள். அடுத்து கதவு முழுவதும் அடிக்கும்போது அதே இடத்தில் மறுபடி விழும். ஆக மற்ற இடத்தில் ஒரு கோட் என்றால் அங்கே இரண்டு. பெட்ரோல் மூடி ஓரத்திலும் இதுதான். கைப்பிடியைக் கழற்றுவது கால் மணி நேர வேலை. அது முடியாவிட்டால் சந்து வேலையை மெல்லிய தூறலாக முதலில் முடித்து, ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கதவுக்கு வாருங்கள். நடுக்கோட்டில் நடப்பது வேறு. கோட்டுக்கு மேல் முகம் மேலே பார்க்கிறது, கீழ் முகம் தரையைப் பார்க்கிறது. கீழ் முகத்துக்கும் படட்டும் என்று மணிக்கட்டைச் சாய்த்தால் கன் நெருங்கி, விளிம்பில் கூடுதலாகக் கொட்டும். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு, உடம்பைத் தாழ்த்தி, கன்னை அந்த முகத்துக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும்.

தூரம்: எச்.வி.எல்.பி. (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும்) கன் என்றால் 15 முதல் 20 செ.மீ., பழைய கப் கன் என்றால் 20 முதல் 25. வேகம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு அடி. ஓவர்லேப் பாதி. பேனலுக்கு வெளியே தொடங்கி வெளியே விடுங்கள். திரும்பும் இடத்தில் டிரிகரை விடாதவர்களுக்குக் கதவின் இரு ஓரத்திலும் திரை தொங்கும். கிளியருக்கு 1.3 அல்லது 1.4 நாசில் போதும். பிரைமருக்கு வைத்த 1.8-ஐ மாற்றாமல் கிளியர் அடித்தால், நீங்கள் எவ்வளவு வேகமாகக் கையை ஓட்டினாலும் கொட்டும்.

கன் சமமாகத் தூவுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. சுவரில் மாஸ்கிங் பேப்பர் ஒட்டி, கன் முனையில் உள்ள ஏர் கேப்பைத் திருப்பி, பெயின்ட் விசிறி படுக்கைவாக்கில் வரும்படி வைத்து, கையை ஆட்டாமல் வழியும்வரை டிரிகரை அழுத்துங்கள். வழியும் கோடுகள் நெடுக ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீண்டால் கேப்பின் அந்தப் பக்கத்துத் துளையிலோ நாசில் முனையிலோ காய்ந்த பெயின்ட் இருக்கிறது. கம்பியால் குத்தாமல் தின்னரில் ஊறவைத்து நைலான் பிரஷால் எடுங்கள். குத்தினால் துளை பெருத்துவிடும், அப்புறம் அந்தக் கேப் உதவாது.

காற்று: அழுத்தம் காட்டும் கேஜை கன் வாயில் மாட்டி, டிரிகரை அழுத்தியபடி படியுங்கள். டேங்கில் காட்டுவதையும் டிரிகர் விட்டிருக்கும்போது காட்டுவதையும் நம்பாதீர்கள். ஒரு எச்.பி. கம்ப்ரஸரும் நீளமான ஒல்லி ஹோஸும் இருந்தால், கதவின் பாதியிலேயே காற்று விழுந்து பெயின்ட் பொடியாமல் துளித்துளியாகப் போய் உட்காரும். துளி பெரிதாக விழும் இடத்தில் வழிசல் நிச்சயம்.

இப்போது தின்னர். பெரும்பாலான கிளியர்களுக்கு 2 பங்குக்கு 1 பங்கு ஹார்டனர், அதற்குமேல் 5 முதல் 10 சதவீதம் தின்னர். சில வகைக்கு 4-க்கு 1. டப்பாவில் உள்ளதே சட்டம். கண் அளவில் ஊற்றாமல் பெயின்டின் கெட்டித்தன்மையை ஓடும் நேரத்தால் அளக்கும் ஒரு ஃபோர்டு கப் வாங்கி வையுங்கள். பி4 கப்பில் 16 முதல் 18 விநாடி ஓடினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். கத்திரி வெயிலில் பெயின்ட் சீக்கிரம் காய்ந்து முரடாகிறது என்று தின்னரைக் கூட்டுவார்கள். கூட்டக் கூடாது, வகையை மாற்ற வேண்டும்: அதே அளவு, மெதுவாக ஆவியாகும் ஸ்லோ தின்னர். வெளியே நின்ற வண்டியை அப்படியே உள்ளே தள்ளி அடிப்பதும் வெயில் கால வழிசலுக்குக் காரணம். சூடான தகட்டில் முதல் கோட் விழுந்தவுடன் காய்ந்து சொரசொரப்பாகும். அதைப் பார்த்துப் பெயின்டர் இரண்டாவது கோட்டில் கையை மெதுவாக்குவார். வழிந்துவிடும். முந்தைய நாள் சாயங்காலமே வண்டியை நிழலில் வைத்து, காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். மார்கழியில் நேர்மாறு. விடியற்காலையில் தகடு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும், தின்னர் எழும்பாது. பத்து மணிக்கு மேல் கன்னை எடுங்கள். சித்திரையில் வாங்கிய ஸ்லோ தின்னர் மார்கழியிலும் அலமாரியில் உட்கார்ந்திருக்கும், கை அதற்குத்தான் போகும். உங்களுக்கு இரண்டு காலத்திலும் விழுவதற்கு இதுவும் சேர்ந்திருக்கலாம்.

கோட்டுக்குக் கோட் எவ்வளவு விட வேண்டும் என்பதைக் கடிகாரம் முழுதாகச் சொல்லாது. ஐந்து முதல் பத்து நிமிடம் என்பது பொதுக் கணக்கு. பேனலை ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் விழுந்த கிளியரை விரலால் தொட்டுப் பாருங்கள். நூல் இழுத்தால் பொறுக்க வேண்டும். ஒட்டுகிறது, நூல் வரவில்லை என்றால் அடுத்த கோட் அடிக்கலாம்.

கேள்வி: சில்வர் கலர் வண்டி. பின் கதவில் வழிந்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டார்கள், தடவினால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கறுப்பாக நிழல்போல் ஒரு பட்டை இருக்கிறது. ஏன்?
வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வழிந்தது கிளியர் அல்ல, அடியில் உள்ள சில்வர். அதில் மிதக்கும் அலுமினியச் செதில்கள் தட்டையாகப் படுத்தால்தான் ஒளி திரும்பி வந்து சில்வராகத் தெரியும். பெயின்ட் ஓடிய இடத்தில் அவை நிமிர்ந்தும் குவிந்தும் நின்றுவிடுகின்றன, அதனால் கறுக்கிறது. மேலே எவ்வளவு சமமாக்கினாலும் கீழே உள்ள செதில் திரும்பாது. பாலிஷுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சரியான வேலை இது: அந்த இடத்தை 600, 800 போட்டு வழிசல் முழுதும் போகும்வரை சமப்படுத்தி, கதவு முழுவதையும் 1000 போட்டு மங்கலாக்க வேண்டும். அந்த இடத்தில் பேஸ் கோட் மெல்லியதாக இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் முழுதாக மங்கிய பிறகே அடுத்தது. கடைசியாகக் கன்னை 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து, கதவு நெடுக ஒரு தூறல் கோட். செதிலைச் சீராகப் படுக்க வைப்பது அதுதான். பிறகு முழுக் கதவுக்கும் கிளியர். சில்வரில் முன் கதவோடு நிறம் சேரவில்லை என்றால் பேஸ் கோட்டை முன் கதவிலும் கொஞ்சம் இழுத்து மறைக்க வேண்டியிருக்கும். முன் கதவுக்கும் கிளியர் செலவு சேரும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பெயின்டர்களுக்கு ஒரு வார்த்தை: கிளியர் போடுமுன் பேஸ் கோட்டிலேயே வழிசல் தெரிந்தால், அரை மணி நேரம் காயவிட்டு 1000 நம்பரால் மெதுவாகச் சமப்படுத்தலாம். ஆனால் தேய்த்த மெட்டாலிக் மீது நேராகக் கிளியர் அடிக்கக் கூடாது. தேய்ந்த செதில் ஒவ்வொன்றும் கீறலாகத் தெரியும். மேலே இன்னொரு பேஸ் கோட் கட்டாயம்.

கேள்வி: ஸ்ப்ரே டப்பா வாங்கி பைக் டேங்குக்கு நானே அடித்தேன். இரண்டு பக்கமும் வழிந்துவிட்டது. ஒரு வாரம் ஆகியும் நகம் பதிகிறது.
கல்லூரி மாணவர், வாணியம்பாடி

பதில்: சாதாரண டப்பா பெயின்டில் ஹார்டனர் கிடையாது. தின்னர் பறந்து போனால்தான் காயும். தடித்த இடத்தில் மேல்தோல் காய்ந்து மூடிக்கொள்வதால் உள்ளே இருப்பது வெளியேற நாளாகும். டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோலை முழுக்க வடித்து, மூடியைத் திறந்து ஆவி போகக் காற்றாட வையுங்கள். இன்னும் இரண்டு வாரம் கழித்து 800 பேப்பரைக் கெட்டித் துண்டில் சுற்றி, தண்ணீர் விட்டுச் சமப்படுத்துங்கள். பிளேடு வேண்டாம், இந்தப் பெயின்ட் மெத்து, பிளேடு ஆழமாக இறங்கும்.

மறுபடி அடிக்கும்போது டப்பாவை உள்ளே குண்டு சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு முழுதாக இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். முதல் கோட்டில் அடி நிறம் தெரியத்தான் வேண்டும். ஒரே கோட்டில் மூட நினைத்ததால்தான் வழிந்திருக்கும். பத்து நிமிட இடைவெளியில் நான்கைந்து மெல்லிய கோட். ஆனால் டேங்குக்குச் சாதாரண டப்பா பெயின்ட் நிற்காது. மூடி ஓரத்தில் பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும். கலரை நீங்கள் அடித்துக்கொண்டு, மேலே ஹார்டனர் கலந்த கிளியரை ஒரு பட்டறையில் அடித்து வாங்குங்கள். உங்கள் டப்பா கலரின்மேல் அது ஒத்துப்போகுமா என்று டேங்கின் அடிப்பக்கத்தில் முதலில் கொஞ்சம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டிராக்டர் டிரெய்லருக்கு எனாமல் அடித்தோம். கதவுப் பலகைகளில் வழிந்து, வழிந்த இடமெல்லாம் தோல் சுருங்கிக் கிடக்கிறது.
விவசாயி, ஆரணி

பதில்: சிந்தெடிக் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் காய்கிறது. மேலிருந்துதான் காயும். தடித்த இடத்தில் மேல்தோல் இறுகி விரிய, அடியில் பச்சையாக இருப்பது இடம் கொடுக்காமல் போக, சுருக்கம். டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் இன்னும் மோசம், அது எளிதில் பறக்காது. சுருங்கிய இடங்களைப் பட்டி பிளேடால் தோலோடு வழித்து எடுத்துவிடுங்கள். அடியில் உள்ள ஈரமும் காய ஒரு வாரம், பிறகு 320 பேப்பர், மேலே பிரஷால் மெல்லிய இரண்டு கோட், இடையில் ஒரு நாள் முழுதாக. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் உள்ள எதையும் இதன்மேல் போட வேண்டாம், பழைய எனாமலைக் கிளப்பிவிடும். டிரெய்லருக்கு இதற்குமேல் அழகு தேவையில்லை.

கேள்வி: என் மகன் பெயின்ட் பட்டறையில் வேலை கற்கிறான். முகத்தில் கைக்குட்டைதான் கட்டுகிறான். சனி, ஞாயிறு வீட்டில் இருந்தால் இருமல் இல்லை, திங்கள் ராத்திரி மறுபடி வருகிறது.
ஒரு தாய், ஆம்பூர்

பதில்: அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அது நுரையீரலுக்கு ஒவ்வாமையாகி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வேலை நாளில் வந்து விடுமுறையில் குறைவது அதற்குரிய அடையாளம். ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சுத் திணறும். வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் காட்டுங்கள், என்ன வேலை, என்ன ஹார்டனர் என்று மறக்காமல் சொல்லுங்கள். டாக்டர் பார்க்கும்வரை பெயின்ட் அடிக்கும் இடத்தில் அவன் நிற்கவே வேண்டாம். கைக்குட்டை, நனைத்த துண்டு, தூசி மாஸ்க் எதுவும் இந்த ஆவியைத் தடுக்காது. கன் பிடிப்பவருக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று ஹோஸில் வரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. முழுதாகக் காயாத பெயின்டைத் தேய்க்கும் தூளிலும் ஆபத்து உண்டு, அதனால் வழிசலை உலர் பேப்பரில் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது.

கேள்வி: வழிசலைத் தேய்த்துப் பாலிஷ் போட்டு வண்டி கொடுத்தேன். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து அதே இடத்தில் வழிசல் வடிவத்தில் லேசாகக் குழி தெரிகிறது என்று வாடிக்கையாளர் வந்து நிற்கிறார்.
பட்டறை உரிமையாளர், ராணிப்பேட்டை

பதில்: உள்ளே தின்னர் இருக்கும்போதே சமப்படுத்தியிருக்கிறீர்கள். சமமாக இருந்த பிறகும் அந்த இடம் மட்டும் தடிமன் அதிகம். மிச்சத் தின்னர் போகப் போக அது சுற்றியுள்ள இடத்தைவிடக் கூடுதலாக வற்றி இறங்கிவிட்டது. வழிந்தபோது அடியில் பட்டியோ பிரைமரோ கிளியரின் தின்னரைக் குடித்து உப்பியிருந்தாலும் இப்படி ஆகும்.

தடிமன் மீட்டர் இருந்தால் குழியிலும் அதற்கு அரை அடி தள்ளியும் அளந்து பாருங்கள். பட்டி இல்லாத இடத்தில், சுற்றியுள்ள பகுதியில் மொத்தம் 120, 130 மைக்ரானாவது இருந்தால், அந்தச் சுற்றுப்புறத்தை 2000-இல் குழியின் மட்டத்துக்கு இறக்கிப் பாலிஷ் போடலாம். குழி சில மைக்ரான்தான் என்றால் மட்டுமே இது. அதற்குமேல் என்றால் கிளியரை மெலிதாக்கி வெயிலுக்கு விடுவதாகும்; பேனல் முழுவதையும் 1000 போட்டு, கெட்டித் துண்டால் சமப்படுத்தி, இரண்டு கோட் கிளியர் மறுபடி அடித்துவிடுங்கள். ஹீட் லாம்ப் வைத்திருப்பவர்கள் தேய்க்கும் முன்பே வழிசலை 70, 80 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லச் சூடேற்றி, தகடு 60 டிகிரியில் இருபது நிமிடம் இருக்கும்படி காட்டி, ஆறவிட்டு, நகம் வைத்துப் பார்த்த பிறகு பிளேடை எடுத்தால் வண்டி இப்படித் திரும்பி வருவது குறையும்.